பெருந்தொற்றுக் காலத்தில் சங்க உறுப்பினர்களுக்குக் கட்டணமில்லாத் தொடர்பயிற்சி: பணம் திரட்டுவது முதல் கணக்கு முடிப்பது வரை

ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு சிறிய மருந்தாளுநர் சங்கத்துக்காக 2020, 2021 இரண்டு ஆண்டும் இந்த வேலையைச் செய்தேன். தொண்டியில் தொடங்கி சாயல்குடி வரை, ராமேஸ்வரம் தீவையும் சேர்த்து, எங்கள் உறுப்பினர்கள் சிதறிக் கிடக்கிறார்கள். பாதிப் பேர் சொந்தமாக மெடிக்கல் வைத்திருப்பவர்கள். மீதிப் பேர் அடுத்தவர் கடையிலோ தனியார் மருத்துவமனையிலோ சம்பளத்துக்கு நிற்பவர்கள்.

அதற்கப்புறம் லேப் டெக்னீஷியன்கள், பிசியோதெரபிஸ்ட்கள் என வேறு சங்கத்துக்காரர்களும் வந்து விசாரித்தார்கள். பெரும்பாலும் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்திருந்தார்கள். எவ்வளவு தேவை, எதற்குத் தேவை என்று தெரியாமலே பணம் கேட்கப் போயிருந்தார்கள். அதனால் இங்கே பணம் ஐந்தாவது படியில்தான் வருகிறது.

1. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

சங்கப் பதிவுச் சான்று, துணைவிதிகள், சங்கத்தின் பெயரில் பான் அட்டை, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, கடைசி இரண்டு ஆண்டுத் தணிக்கை அறிக்கை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிந்திருந்தால், மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டறிக்கை பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். பணம் தர நினைப்பவர் முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான். தலைவரின் சொந்த ஜிபே எண்ணைக் கொடுத்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்று, காசோலைக் கையெழுத்து. எங்கள் கணக்கில் செயலாளர், பொருளாளர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பொருளாளர் இருந்த தெருவைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். காசோலைப் புத்தகம் அவர் வீட்டு பீரோவில். மூன்று வாரம் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியவில்லை, முதல் வகுப்பு எடுத்தவருக்குத் தர வேண்டியதை நான் கைக்காசில் கொடுத்தேன். ஆகவே ஒருவர் பதிய, மற்றவர் ஒப்புதல் தரும் வகை இணைய வங்கி வசதியை ஊர் சாதாரணமாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள். அதற்கான விண்ணப்பத்தில் எல்லாரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஊரடங்கு வந்த பிறகு அது நடக்காது.

2. யாருக்கு எது தேவை என்ற பட்டியல்

ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: பெயர், ஊர், பதிவு புதுப்பிக்க வேண்டிய தேதி, சொந்தக் கடையா சம்பளமா, கையில் என்ன போன். தொலைபேசியில் கேட்டு எழுதுவதே நல்லது. வாட்ஸ்அப் குழுவில் படிவம் போட்டால் எப்போதும் பேசுகிற அதே இருபது பேர்தான் நிரப்புவார்கள். அவர்கள் எப்படியும் வகுப்புக்கு வரக்கூடியவர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது பேசாதவர்களின் நிலைமை.

புதுப்பிக்கும் தேதி ஏன் என்றால், மருந்தாளுநர் நடைமுறை ஒழுங்குமுறை 2015-இன்படி ஐந்து ஆண்டுக்குள் குறைந்தது இரண்டு புத்தாக்கப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு நாளாவது நடக்க வேண்டும். செவிலியர்களுக்கு ஐந்து ஆண்டில் 150 மணி நேரம், மருத்துவர்களுக்கு 30 மணி நேரம் என்று கணக்கு வேறு. உங்கள் தொழிலுக்கு எது என்று உங்கள் கவுன்சிலிடமே, அதாவது உங்கள் தொழில் பதிவைத் தருகிற அமைப்பிடமே, கேட்டு எழுதி வையுங்கள்.

சம்பளமா சொந்தக் கடையா என்பதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஊரடங்கில் எல்லா மெடிக்கலுக்கும் நல்ல வியாபாரம் என்று வெளியில் பேசிக்கொண்டார்கள். அது பாதி உண்மை. ராமேஸ்வரத்தில் கோயில் சாத்தியிருந்தது, யாத்திரிகர் இல்லை. ரத வீதிப் பக்கம் இருந்த கடைகளில் ஈ ஓட்டினார்கள். அதே நேரம் குடியிருப்புப் பகுதிக் கடைகளில் வரிசை நின்றது. சம்பளத்துக்கு நின்றவர்களில் சிலருக்குப் பாதிச் சம்பளம். யாரிடம் கேட்கலாம், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது இந்த நோட்டில்தான் தெரியும்.

3. வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள்

கவுன்சில் ஏற்றுக்கொண்ட, புதுப்பித்தலுக்குக் கணக்காகிற பயிற்சி ஒன்று. நீங்களே நடத்துகிற அறிவு வகுப்பு இன்னொன்று. இரண்டையும் ஒரே அழைப்பிதழில் போட்டுக் குழப்பிவிட்டால், ஆறு வகுப்புக்கும் வந்து உட்கார்ந்தவர் புதுப்பிக்கப் போகிற இடத்தில் உங்கள் சான்றிதழ் செல்லாது என்று தெரிந்து கோபப்படுவார். கோபத்தில் நியாயமும் இருக்கிறது.

முதல் வகைக்குக் கவுன்சிலின் ஒப்புதலை எழுத்தில் வாங்காமல் தேதி அறிவிக்காதீர்கள். இணையவழி நடத்தினால் கணக்காகுமா என்பதையும் தனியாகக் கேளுங்கள். அந்தப் பயிற்சியை நீங்கள் நடத்த முடியாவிட்டால், வேறிடத்தில் நடப்பதற்கு உங்கள் நிதியிலிருந்து கட்டணம் கட்டலாம். புதுப்பிக்கும் தேதி நெருங்கிய, சம்பளத்துக்கு இருக்கிற உறுப்பினருக்கு முதலிடம்.

இரண்டாம் வகைக்கு அந்தந்த மாதம் கடையில் எழுகிற கேள்வியை எடுங்கள். 2020 மார்ச்சில் மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினை எச்1 அட்டவணை மருந்து போலச் சீட்டும் பதிவேடும் வைத்தே விற்க வேண்டும் என்று அரசாணை வந்தது. அடுத்த நாளே, பதிவேட்டில் என்னென்ன எழுத வேண்டும், எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று இருபது அழைப்பு. அதுதான் எங்கள் முதல் வகுப்பு. ஜூனில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொரோனாவுக்குப் பலன் தருகிறது என்ற செய்தி வந்ததும் சும்மா சளிக்குக்கூட அதைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்குத்தான் அதில் பலன், லேசான நோய்க்கு இல்லை என்பதைக் கல்லாவில் நின்றபடி எப்படிப் புரியவைப்பது என்று இரண்டாவது வகுப்பு.

4. செலவுக் கணக்கு

நாங்கள் ஆறு வகுப்புக்குப் போட்ட கணக்கு இது. தொகைகள் அன்றைய எங்கள் நிலவரம், உங்களுடையதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பெடுப்பவருக்கு மதிப்பூதியம் 2,000 வீதம் 12,000 ரூபாய். கூட்டச் செயலிக்கு மூன்று மாதச் சந்தா 4,000. டேட்டா ரீசார்ஜ் 25 பேருக்கு 200 வீதம் 5,000. சான்றிதழ் அச்சு, தபால் 3,000. கூட்டினால் 24,000. எதிர்பாராச் செலவு பத்தில் ஒரு பங்கு, 2,400. ஆக 26,400. ஒரு வகுப்புக்கு 4,400.

கடைசி எண் முக்கியம். "இருபத்தாறாயிரம் வேண்டும்" என்று கேட்டால் யோசிப்பவர், "ஒரு வகுப்புச் செலவு நாலாயிரத்து நானூறு, ஏற்றுக்கொள்கிறீர்களா" என்றால் அங்கேயே தலையாட்டுவார்.

மதிப்பூதியத்தை வெட்டாதீர்கள். சேவையாகச் செய்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். அப்படியும் கொடுங்கள், வேண்டாமென்றால் சங்கத்துக்கே திருப்பி நன்கொடையாகத் தரட்டும். சும்மா வருகிறவரிடம் பாடத்தை முன்கூட்டி அனுப்பு, நேரத்துக்கு வா என்று கேட்க நமக்கு வாய் வராது. முன்பு மதுரையிலிருந்து ஒருவரை அழைத்தால் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கார் வாடகை, தங்குமிடம், சாப்பாடு. இணையவழியில் அது அத்தனையும் மிச்சம்.

இலவசச் செயலியே போதும் என்று ஒரு கட்சி கிளம்பும். ஜூமில் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். மறுபடி சேரும்போது கால்வாசிப் பேர் திரும்பி வருவதில்லை. கேள்வி நேரம் வருவது சரியாக அந்த நாற்பதாவது நிமிடத்தில்தான்.

5. பணம் எங்கிருந்து, எந்த வரிசையில்

முதல் இடம், செலவாகாமல் கிடக்கிற உங்கள் சொந்தப் பணம். பெருந்தொற்றில் ஆண்டு விழா நடக்காது. எங்களுக்குச் செப்டம்பர் 25, உலக மருந்தாளுநர் நாள். ஒவ்வொரு வருஷமும் மண்டப வாடகை, பிரியாணி, கேடயம், கைப்பை என்று அதற்கென்றே ஒதுக்குவோம். 2020-இல் அது அப்படியே இருந்தது. வெளியில் கையேந்துவதற்கு முன் அதைப் பயிற்சிக்குத் திருப்பிவிடுங்கள்.

ஆனால் செயற்குழு மட்டும் கூடி முடிவெடுத்துவிடக் கூடாது. விழாவுக்கென்று வசூலித்த பணத்தை வேறு வேலைக்குத் திருப்ப, பொதுக்குழுத் தீர்மானம் வேண்டுமா என்று துணைவிதியைப் பாருங்கள். இணையவழிப் பொதுக்குழுவுக்கு அதில் இடமில்லை என்றால், தீர்மான நகலை எல்லாருக்கும் அனுப்பி எழுத்தில் ஒப்புதல் வாங்கி, அடுத்து நேரில் கூடும்போது உறுதிப்படுத்துங்கள். "பிரியாணிக்காசை எடுத்து ஜூம் நடத்தினார்கள்" என்ற பேச்சு எங்களுக்கு வந்தது. தீர்மான நகலைக் காட்டியதும் அடங்கியது.

இரண்டாவது, முடிந்த உறுப்பினர்கள். நோட்டைப் பார்த்து, வியாபாரம் நன்றாக இருந்த கடைக்காரர்களைத் தனித்தனியாகக் கூப்பிடுங்கள். குழுவில் பொதுவாகக் கேட்காதீர்கள். அங்கே ஒருவர் ஐந்நூறு போட்டால் அடுத்தவரும் ஐந்நூறுதான் போடுவார். முடியாதவருக்கும் சங்கடம். கொடுத்தவர் பெயர், தொகை இரண்டையும் ஆண்டறிக்கையில் மட்டும் போடுங்கள்.

கேட்கும் காலமும் இருக்கிறது. இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். படகு நின்றால் மெடிக்கலில் கடன் நோட்டு தடிக்கும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கடைக்காரரிடம் மே மாதம் போய் நிற்காதீர்கள். ஜூலையில் கேளுங்கள்.

மூன்றாவது, பணமாக இல்லாமல் பொருளாக. அச்சகம் வைத்திருக்கும் உறுப்பினரின் தம்பி சான்றிதழ் அடித்துத் தரலாம். ஒரு பார்மசி கல்லூரி தன் சந்தாக் கணக்கில் கூட்டம் நடத்த விடலாம். இதற்கும் ரசீது போல ஒரு நன்றிக் கடிதம் கொடுத்துக் கோப்பில் வையுங்கள்.

நான்காவதாகத்தான் ஸ்டாக்கிஸ்ட்கள் (மருந்து மொத்த வியாபாரிகள்), கம்பெனிகள். அதற்கு அடுத்த படி முழுவதும் வேண்டும்.

பெரிய கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியைச் சிலர் கனவு காண்பார்கள். அதைப் பெற 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவு வேண்டும், 1961 வருமான வரிச் சட்டத்தின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவுகளும் வேண்டும். தன் உறுப்பினருக்கு மட்டும் நன்மை செய்கிற சங்கத்துக்கு அவை கிடைப்பதே சிரமம். இருபத்தாறாயிரத்துக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பது என் கருத்து.

6. கம்பெனிப் பணம்: முதலில் கடிதம், பிறகு காசோலை

ஒரு மருந்துக் கம்பெனியின் ரெப் (விற்பனைப் பிரதிநிதி) என்னிடம் வந்தார். "அண்ணே, மொத்தச் செலவையும் நாங்க பார்த்துக்கிறோம். ஒரே ஒரு வகுப்பு மட்டும் எங்க ப்ராடக்ட் மேல வச்சுக்குங்க" என்றார். ப்ராடக்ட் என்பது வைட்டமினும் துத்தநாகமும் கலந்த ஒரு மாத்திரை. வகுப்பெடுப்பவரையும் அவர்களே அனுப்புவார்களாம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் உறுப்பினர் பட்டியலை போன் எண்ணோடு கேட்டு மெசேஜ் வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன். செயற்குழுவில் இரண்டு பேருக்கு இன்றைக்கும் அதில் வருத்தம்தான்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு ஒரு கடித மாதிரி வைத்துக்கொண்டோம். தலைப்பையும் வகுப்பெடுப்பவரையும் சங்கமே முடிவு செய்யும். வகுப்பில் எந்த வணிகப் பெயரும் வராது, மருந்தின் வேதிப்பெயர் மட்டும். கொடுத்தவர் பெயர் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை சொல்லப்படும். உறுப்பினர் விவரம் எதுவும் தரப்படாது. பணம் சங்கக் கணக்கில் மட்டும், வகுப்பு நடப்பதற்கு முன்பே வர வேண்டும். இதில் கையெழுத்துப் போட்டுத்தான் காசோலை. போட்டவர்கள் இரண்டு உள்ளூர் ஸ்டாக்கிஸ்ட்கள், ஆளுக்கு ஒரு வகுப்பு.

முன்கூட்டியே பணம் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். நடந்த பிறகு தருகிறேன் என்றவரிடம் நான்கு மாதம் நடந்தோம்.

2024 மார்ச்சில் மருந்து நிறுவனங்களுக்கான சீரான சந்தைப்படுத்தல் நெறிமுறை வந்திருக்கிறது. தொடர்கல்வி நிகழ்ச்சிகளை வெளிநாட்டில் நடத்தக் கூடாது, நிறுவனங்கள் தாங்கள் நடத்தும் நிகழ்ச்சிகளின் செலவைத் தங்கள் இணையதளத்தில் காட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆக, கம்பெனி உங்களிடம் ரசீதும் நிகழ்ச்சி விவரமும் கேட்டால் அலுத்துக்கொள்ள வேண்டாம். கேட்காத கம்பெனியிடம்தான் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

7. கடல் தாண்டி வரும் பணம்

நம் கரையில் இது தனிப் பிரச்சினை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எந்த ஊரை எடுத்தாலும் துபாயிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ ஆள் இருக்கும். செய்தி கேள்விப்பட்டதும் "காக்கா (அண்ணா), நான் அனுப்புறேன்" என்று நல்ல மனதோடு கூப்பிடுவார்கள். வாங்குவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மலேசியக் குடியுரிமை எடுத்துவிட்ட உறவினர் அனுப்பினால், அவர் பிறந்தது நம் தெருவாகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படியே. அதை வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். சிறிய சங்கத்துக்கு இது ஆகாது. நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அவர் தன் அண்ணனுக்கு அனுப்பி, அண்ணன் சங்கத்துக்குக் கட்டட்டும் என்று யாராவது வழி சொன்னால் அதற்கும் தலையாட்டாதீர்கள்.

கேட்டதை எழுதி வாங்குங்கள். "நான் இந்தியக் குடிமகன், இது என் சொந்தப் பணம்" என்று ஒரு வரி மின்னஞ்சல் போதும், அதைப் பாஸ்போர்ட் முதல் பக்க நகலோடு கோப்பில் வையுங்கள்.

8. ரசீது

ஒவ்வொரு ரூபாய்க்கும் வரிசை எண்ணிட்ட ரசீது, அன்றன்றே. 80ஜி பதிவு இல்லாத சங்கம் "வரிச்சலுகை உண்டு" என்று நோட்டீஸில் போட்டுவிடுவதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். வேறொரு சங்கத்தின் நோட்டீஸைப் பார்த்து அடிப்பதால் வருகிற வினை. பதிவு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது, அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

9. நேரம், சிக்னல், மின்சாரம்

பணம் கட்டி நடத்தும் வகுப்பில் ஆள் இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் தர மாட்டார்கள். ஆகவே இதுவும் நிதி விஷயம்தான்.

எங்களுக்குக் கைகொடுத்தது மதியம் இரண்டரை முதல் மூன்றே முக்கால். காலையும் மாலையும் கடையில் கூட்டம். 2020 ஜூலை, ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் தளர்வில்லா முழு ஊரடங்கு. மெடிக்கல் திறந்திருக்கும், தெருவில் ஆள் இருக்காது. அந்த ஞாயிறுகளில்தான் வருகை அதிகம். வெள்ளிக்கிழமை மதியத்தை விட்டுவிடுங்கள், கீழக்கரைப் பக்கம் ஜும்ஆ முடிந்து வர நேரமாகும்.

டிசம்பரில் வகுப்பு வைக்காதீர்கள். நாங்கள் வைத்தோம். புரெவி புயல் மன்னார் வளைகுடாவுக்குள் வந்து நின்றது, பாம்பன் பக்கம் மின்சாரமும் இல்லை, டவரும் இல்லை. அன்றைய தலைப்பு என்ன தெரியுமா, மின்தடையில் இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைப்பது எப்படி! தள்ளி வைத்து ஜனவரியில் நடத்தினோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும், அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

மூக்கையூர், தனுஷ்கோடிப் பக்கம் இருப்பவர்களுக்கு வீடியோ நிற்காது. பாடத்தின் படங்களை முதல் நாளே பிடிஎஃப் ஆக அனுப்பி, வகுப்பில் குரலை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். டேட்டாவும் குறையும். ரீசார்ஜ் தொகையைப் பணமாகக் கொடுக்காமல் சங்கமே நேரடியாக அவர்கள் எண்ணுக்குப் போட்டுவிடுங்கள். கணக்கில் ஆதாரம் கிடைக்கும், வாங்குபவருக்கும் கூச்சம் இருக்காது.

10. வருகையும் சான்றிதழும்

இலவசம் என்றால் பெயர் கொடுப்பவர்கள் நிறைய, வருபவர்கள் பாதி. முன்பணம் வாங்கி வந்தவருக்குத் திருப்பித் தரலாம் என்று ஒரு யோசனை வரும். செய்யாதீர்கள். ஐம்பது பேருக்கு நூறு நூறாகத் திருப்பிக் கொடுத்துக் கணக்கு எழுதும் பொருளாளர் அடுத்த ஆண்டு பதவியே வேண்டாம் என்பார்.

நாங்கள் செய்தது: வகுப்பு முடிந்ததும் பத்துக் கேள்வி, அன்று இரவுக்குள் பதில். ஏழு சரியாக இருந்தால் சான்றிதழ். கேள்விகளில் இரண்டு, வகுப்பில் வாய்மொழியாகச் சொன்னதிலிருந்து மட்டும். உள்ளே நுழைந்துவிட்டு போனை மேசையில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள்.

சான்றிதழில் பதிவு எண், தேதி, வகுப்பு நடந்த மொத்த நேரம் மூன்றும் இருக்கட்டும். திரையில் "சுரேஷ் ரெட்மி" என்று தெரிகிற ஆள் யார் என்று பிறகு தேடாமல் இருக்க, பெயரோடு பதிவு எண்ணும் போட்டு நுழையச் சொல்லுங்கள்.

11. கணக்கு முடிப்பது

கடைசி வகுப்பு முடிந்து முப்பது நாளுக்குள் ஒரே பக்க வரவு செலவு. இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது, கீழே மீதி. அதோடு வகுப்பு வாரியாக எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குச் சான்றிதழ் என்று இன்னொரு பக்கம். பணம் கொடுத்த எல்லாருக்கும், கொடுக்காத உறுப்பினருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். கொடுத்தவருக்கு மட்டும் அனுப்பினால் மற்றவர்கள் அவர்கள்தான் சங்கத்தை நடத்துகிறார்கள் என்று நினைப்பார்கள்.

மீதி இருந்தால் பொதுக்கணக்கில் கரைய விடாதீர்கள். பயிற்சி நிதி என்று தனித் தலைப்பில் வைத்து, அடுத்த பொதுக்குழுவில் அதைத் தொடரத் தீர்மானம் போடுங்கள். எங்களிடம் 3,150 ரூபாய் மிஞ்சியது. 2021 இரண்டாம் அலையில், ஆக்சிஜன் செறிவூட்டியைக் கேட்டு வருபவர்களுக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று அவசரமாக ஒரு வகுப்பு வைக்க வேண்டியிருந்தபோது, யாரையும் கேட்காமல் மூன்றே நாளில் நடத்த அதுதான் உதவியது.

கோப்பை ஸ்கேன் செய்து மூன்று பேரின் மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். காசோலைப் புத்தகத்தை மட்டும் பொருளாளர் வீட்டு பீரோவில் வைக்காதீர்கள்.